புள்ளியால் ஆன எழுத்தும் புள்ளியை இழந்த எழுத்தும்

அணி என்பது ஒன்றனை அழகு செய்வது. அவ்வொன்றனையே மறைப்பது அணியாகாது. கழுத்துக்கு இட்ட மாலை முகத்தை மூடுமாயின், மாலை எத்துணை விலை உயர்ந்ததாயினும் அதனைக் கழற்றி வைத்தலே முறை. இற்றைத் தமிழ்நாட்டில் கடைப்பலகைகளிலும், திருமணப் பதாகைகளிலும், பேருந்து முகப்புகளிலும், பிள்ளைகளின் பயிற்சிச் சுவடிகளிலும் காணப்படும் ஓர் எழுத்து வகையைப் பற்றி இம்முறையில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது கோட்டால் எழுதப்படுவதன்று. சிறுசிறு புள்ளிகளை வரிசையாக அடுக்கி எழுத்தின் உருவைக் காட்டுவது. ஆங்கிலத்துக்கென்று வரையப்பட்ட புள்ளி எழுத்துருக்களைப் பார்த்து, அவ்வாறே தமிழுக்கும் செய்து தருகின்றனர் கணிப்பொறி வரைவாளர். பார்வைக்கு அழகாகவே உள்ளது. ஆனால் அவ்வழகில் தமிழெழுத்தின் உயிர்நிலை ஒன்று காணாமற் போகின்றது. அதுவே மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி.

எழுத்து முழுவதும் புள்ளியானால், புள்ளி எங்கே? இதுவே இக்கட்டுரையின் வினா.

இதனைச் சிறிய செய்தி என்று தள்ளுவார் உளர். "ஒரு புள்ளிக்கு இத்துணை ஆரவாரமா?" என்று நகைப்பாரும் உளர். அன்னார் முதற்கண் அறியவேண்டுவது, தமிழில் புள்ளி என்பது எழுத்தின்மேல் வைக்கும் பொட்டு அன்று என்பதே. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஏழாவதற்கு உயிர் மயங்கியல் என்றும், எட்டாவதற்குப் புள்ளி மயங்கியல் என்றும் பெயர் காண்கின்றோம். உயிரீற்றுச் சொற்களின் புணர்ச்சியைக் கூறுவது முன்னது. மெய்யீற்றுச் சொற்களின் புணர்ச்சியைக் கூறுவது பின்னது. மெய் என்று சொல்லவேண்டிய இடத்தில் புள்ளி என்றே சொல்லிவிடும் அளவுக்கு மெய்யும் புள்ளியும் ஒன்றாயிருந்தன. மெய்யெழுத்துப் புள்ளியோடு நிற்பதே அதன் இயல்பு என்று நூன்மரபிலேயே அவர் வகுத்துவிட்டார். எகர ஒகரக் குறில்களுக்கும் அற்றை நாளில் புள்ளி உண்டு. மகரக் குறுக்கத்துக்கு உள்ளே ஒரு புள்ளி இடவேண்டும் என்றும் கூறினார். ஆய்தமோ இன்றும் மூன்று புள்ளியாலேயே நிற்கின்றது. ஆக, உலகில் யாரோ ஒருவர் அணிக்காகப் புள்ளியால் எழுத்து வரைவதற்குப் பல நூறாண்டுகளுக்கு முன்னரே, புள்ளிகளை மட்டுமே கொண்டு ஓர் எழுத்தை உடையதாயிருந்தது தமிழ்.

இந்தியாவின் பிற எழுத்து முறைகளோடு ஒப்பிட்டால் புள்ளியின் அருமை இன்னும் விளங்கும். தேவநாகரி முதலியவற்றில் இரண்டு மெய்கள் அடுத்து வந்தால் ஒன்றன் உடலை வெட்டி மற்றொன்றனோடு ஒட்டுவர். அல்லது ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவர். ஆதலால் அவற்றுக்குக் கூட்டெழுத்துகள் மிகப் பல. தமிழ் அவ்வாறு செய்வதில்லை. ஒவ்வொரு மெய்யும் தன் முழு உருவோடு நின்று, தலையில் ஒரு புள்ளியைத் தாங்கித் தன்னை உயிர்மெய்யினின்று வேறுபடுத்திக் காட்டும். 18 உயிர்மெய் உருவங்களையும் ஒரே ஒரு புள்ளியையும் அறிந்த பிள்ளை 18 மெய்களையும் படித்துவிடும். அச்சுக்கோப்பாளர் கைக்கும், கணிப்பொறிக்கும், கற்கும் குழவிக்கும் இம்முறையினும் எளியது உண்டோ? அவ்வெளிமை முழுவதையும் தாங்கி நிற்பது அவ்வொரு புள்ளி. தாங்குகின்ற தூணை அணியென்று எண்ணி மறைத்தல் அறியாமை.

இனி, புள்ளி எத்துணை இடங்களில் வருகின்றது என்று பார்ப்போம். நம் குமரி மாவட்டத்துப் பேருந்துப் பலகைகளில் நாள்தோறும் காணும் ஊர்ப்பெயர்களையே எடுத்துக்கொள்வோம். கொட்டாரம் என்பதில் எழுத்து 5, மெய் 2. நாகர்கோவில் என்பதில் எழுத்து 6, மெய் 2. சுசீந்திரம் என்பதில் எழுத்து 6, மெய் 2. தக்கலை என்பதில் எழுத்து 4, மெய் 1. குளச்சல் என்பதில் எழுத்து 5, மெய் 2. மார்த்தாண்டம் என்பதிலோ எழுத்து 7, மெய் 4. இவ் ஆறு ஊர்ப்பெயர்களிலும் கூடிய 33 எழுத்துகளுள் 13 மெய்யெழுத்துகள். ஏறத்தாழ ஐந்துக்கு இரண்டு. இப்புள்ளிகளை எடுத்துவிட்டால் மார்த்தாண்டம் 'மாரததாணடம' ஆகும். குளச்சல் 'குளசசல' ஆகும். உள்ளூரார் பழக்கத்தால் படித்துவிடுவர். முதன்முறை வருகின்ற வெளியூரார் யாங்ஙனம் படிப்பர்? எழுத்துக் கற்கும் பிள்ளை யாங்ஙனம் படிக்கும்?

புள்ளி போனால் சொல் குழம்புவது மட்டுமன்று. சொல் வேறாகியும் விடும். பல் என்பது பல ஆகும். கல் என்பது கல ஆகும். கொல் என்பது கொல ஆகும். பால் விற்கும் கடை 'பால' விற்கும். தேன் விற்கும் கடை 'தேன' விற்கும். மணமக்களை வாழ்த்த வைத்த பதாகை 'மணமககள' என்று நிற்கும். நம் மொழியின் பெயரே மூன்றெழுத்து. அதன் மூன்றாம் எழுத்து புள்ளி பெற்ற ழகரம். புள்ளியை மறைத்தவன் தமிழைத் 'தமிழ' என்று எழுதியவன் ஆகின்றான்.

ஆங்கிலத்தில் இத்தொல்லை இல்லை. அம்மொழியின் சிறிய எழுத்துகளுள் இரண்டனுக்கே மேற்புள்ளி உண்டு. அவற்றையும் எடுத்துவிட்டால் படிப்பவர் தடுமாறார். பெரிய எழுத்துகளுக்கோ புள்ளியே இல்லை. ஆதலால் அங்கே எழுத்தைப் புள்ளியால் வரைவது தீங்கற்ற விளையாட்டு. அதனை அப்படியே தமிழுக்கு எடுத்து வருபவர், அவர்தம் மொழியில் புள்ளி வெறும் பொட்டு என்பதையும், நம் மொழியில் அது எழுத்தின் கூறு என்பதையும் எண்ணுவதில்லை. புள்ளியே பொருளைத் தாங்கும் மொழியார் இவ்வாறு இரார். அரபியில் ஒரே உருவத்தின் மேலும் கீழும் இடும் புள்ளிகளின் எண்ணிக்கையாலேயே எழுத்துகள் வேறுபடுகின்றன. துருக்கியர் 1928இல் தம் எழுத்தை மாற்றிக்கொண்டபோது, புள்ளியுள்ள இகரத்தையும் புள்ளியில்லாத இகரத்தையும் இரண்டு தனி எழுத்துகளாக வைத்துக்கொண்டனர். அவ்வேறுபாட்டைத் தம் எழுத்துருக்களில் இன்றும் காத்து வருகின்றனர். நமக்கு மட்டும் அக்கருத்து ஏன் இல்லை?

"பண்டைக் காலத்தில் ஓலைச்சுவடிகளில் புள்ளி இட்டா எழுதினார்கள்? நம் முன்னோர் புள்ளியின்றியே படிக்கவில்லையா?" என்பது ஒரு மறுப்பு. இதனை ஒதுக்காமல் ஆராய்தல் வேண்டும்; ஏனெனில் இதில் பாதி உண்மை உள்ளது. மிகப் பழைய தமிழிக் கல்வெட்டுகளில் புள்ளி இல்லை. காலத்தால் பிந்தியவற்றில் உண்டு. ஐராவதம் மகாதேவனார் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சிப் பெருநூலில் இவ்வளர்ச்சியைப் படிப்படியாகக் காட்டியுள்ளார். பின்னர் வந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் புள்ளி பெரும்பாலும் விடப்பட்டது. எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பது கரணியம். ஆனால் அதனால் விளைந்தது என்ன? ஒரு சுவடியை வைத்துக்கொண்டு, இது மெய்யோ உயிர்மெய்யோ, எகரமோ ஏகாரமோ, ரகரமோ காலோ என்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் முட்டி மோதினர். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் போன்றோர் பட்ட பாட்டில் ஒரு பங்கு இப்புள்ளியின்மையால் வந்தது. ஓலையைப் படித்தவர் ஆசிரியர் வாயிலாகப் பாடலை முன்னரே செவியில் ஏற்றிக்கொண்டவர்; கண்ணால் புதிதாகப் படித்தவர் அல்லர். இன்று தெருவில் நடப்பவர் பலகையைப் பார்த்துத்தான் செய்தியை அறிகின்றார். அன்றைய தட்டுப்பாட்டை இன்றைய அழகாக்கிக் காட்டுவது முறையன்று.

அச்சின் வரலாறும் இதனையே கூறும். தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றாகிய தம்பிரான் வணக்கம், 1578 அக்டோபர் 20ஆம் நாள், நமக்கு அணித்தாகிய கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சேறியது. அண்டிரிக்கு அடிகளார் ஆக்கியது. அதன் முகப்பிலே நூற்பெயர் 'தமபிரான வணககம' என்று புள்ளியின்றியே நிற்கின்றது. ஓலையைப் பார்த்து வார்த்த எழுத்து ஆதலின் ஓலையின் குறை அச்சுக்கும் வந்தது. பிற்பாடு, 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர், எகர ஏகார ஒகர ஓகாரங்களைப் புள்ளியை நம்பாமல் உருவாலேயே பிரித்துக் காட்டும் திருத்தத்தைச் செய்தார். புள்ளி விடுபட்டுப் போவதால் மக்கள் இடர்ப்படுவதைக் கண்டே அது செய்யப்பட்டது. அவர்க்குப் பின் அச்சு வளர வளர மெய்ப்புள்ளி ஒவ்வோர் எழுத்தின்மேலும் தவறாது நிலைபெற்றது. ஈய எழுத்து வார்ப்போரும் அச்சுக்கோப்போரும் தலைமுறை தலைமுறையாக உழைத்து மீட்டுத்தந்த புள்ளி அது. அதனை ஒரு சொடுக்கில் இழக்கலாமா?

சுவரொட்டிக்கும் பலகைக்கும் பெரிய அணியெழுத்து வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. நூல் படிப்பதற்கான எழுத்து வேறு. தொலைவிலிருந்து கண்ணை ஈர்க்கும் முகப்பெழுத்து வேறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் எழுத்து வார்ப்பகங்கள் பருத்த எழுத்துகளையும் நிழல் எழுத்துகளையும் வார்க்கத் தொடங்கின. 1827இல் நியூயார்க்கில் தாரியசு வெல்சு என்பவர் மரத்தில் எழுத்துகளைப் பொறியால் குடைந்தெடுக்கும் வழியைக் கண்டபின், சுவரொட்டிக்கு மரவெழுத்துகள் எங்கும் பரவின. நம் நாட்டு அச்சகங்களிலும் நாடகச் சுவரொட்டிக்கும் தேர்தல் சுவரொட்டிக்கும் மரவெழுத்துகளே நெடுங்காலம் பயன்பட்டன. அவ்வெழுத்துகள் பருத்தன, நெளிந்தன, நிழல் பெற்றன. ஆயினும் புள்ளி புள்ளியாகவே நின்றது. ஏனெனில் உடல் கோடாகவும் தலை புள்ளியாகவும் இருந்தன. உடலும் புள்ளியானபோதுதான் சிக்கல் தோன்றிற்று.

இச்சிக்கல் யாங்ஙனம் நிகழ்கின்றது என்பதைத் தெளிவாக அறிந்தால்தான் தீர்வும் தெளிவாகும். வரிசையாக வைத்த புள்ளிகளைக் கண் தானே கோடாக இணைத்துக்கொள்கின்றது. அணித்தாக உள்ளவற்றை ஒன்றாகச் சேர்ப்பது கண்ணின் இயல்பு. இவ்வியல்பை நம்பியே புள்ளி எழுத்துரு வரையப்படுகின்றது. மெய்ப்புள்ளியும் உடற்புள்ளிகளின் அளவே உடையதாய், உடற்புள்ளிகளுக்கிடையே உள்ள அதே இடைவெளியில் எழுத்தின் தலைக்கு மேலே வைக்கப்படுமாயின், கண் அதனையும் உடலோடு சேர்த்துவிடும். மகர மெய்யின் வலக்காலோ டகர மெய்யின் இடக்கோடோ ஒரு புள்ளி உயர்ந்ததாகத் தோன்றுமேயன்றி, மெய்யெழுத்தாகத் தோன்றாது. அன்றியும், ணகர னகரங்களின் சுழிகள் புள்ளிகளால் அடைபட்டு ஒன்றாகிவிடும். ரகரத்தின் கீழ்ச்சாய்வு ஒரே புள்ளியில் முடிந்து காலோடு மயங்கும். ஆய்தத்தின் மூன்று புள்ளிகளோ எவ்வெழுத்தின் உதிர்ந்த துண்டுகளோ என்று எண்ணத் தோன்றும்.

மின்விளக்குப் பலகைகளில் இத்தொல்லை இரட்டிப்பாகின்றது. ஆங்கில எழுத்துக்கு வகுத்த கட்டம் அகலத்தில் 5, உயரத்தில் 7, ஆக 35 புள்ளிகள் கொண்டது. ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளும் அக்கட்டத்தில் அடங்கும். தமிழுக்கு எழுத்தின் உடல் வேண்டும். அதற்கு மேலே இகரக் கொக்கிக்கும் மெய்ப்புள்ளிக்கும் இடம் வேண்டும். உடலுக்கும் புள்ளிக்கும் இடையே ஒரு வெற்று வரிசை வேண்டும். கீழே உகர ஊகாரங்களுக்கு இடம் வேண்டும். ஏழு வரிசையில் இவை அனைத்தும் எவ்வாறு அடங்கும்? 1980களில் அலுவலகங்களுக்கு வந்த புள்ளியச்சுப் பொறிகளுள் 9 ஊசி உடையனவும் 24 ஊசி உடையனவும் இருந்தன. 9 ஊசிப் பொறியின் ஒரே ஓட்டத்தில் தமிழ் நெருக்குண்டதும், 24 ஊசியில் மூச்சுவிட்டதும் இதே கணக்கால்தான். பேருந்தின் முகப்பில் ஓடும் எழுத்துப் பலகைக்கும் இக்கணக்கே பொருந்தும். அதில் மெய்ப்புள்ளி என்பது பெரும்பாலும் ஒரே ஒரு விளக்கு. ஆங்கில எழுத்தில் ஒரு விளக்கு அணைந்தால் எழுத்துக்குச் சிறு ஊனம். தமிழில் அவ்வொரு விளக்கு அணைந்தால் எழுத்தே வேறு. ஆதலால் விளக்குப் பலகை வாங்குவோர் விலையை மட்டும் பார்க்காமல், வரிசை எத்தனை என்பதையும் பார்த்து வாங்குதல் வேண்டும். தமிழுக்குப் போதிய வரிசை இல்லாத பலகை, தமிழ்நாட்டுக்கு ஆகாத பலகை.

இவையனைத்தினும் என் நெஞ்சைச் சுடுவது பள்ளிப்பிள்ளைகளின் பயிற்சிச் சுவடி. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துகளைப் புள்ளியிட்டுக் காட்டி, அவற்றை இணைத்து எழுதுமாறு கூறுவது நெடுநாள் வழக்கம், நல்ல வழக்கமுங்கூட. ஆனால் எங்கள் தெருவிலுள்ள ஒரு சிறுமி கொண்டுவந்து காட்டிய ஒரு தனியார் வெளியீட்டுச் சுவடியில், ம் என்னும் எழுத்து, உடலும் புள்ளியும் ஒரே அளவுப் புள்ளிகளாக அச்சிடப்பட்டிருந்தது. அவள் மகரத்தை ஒழுங்காக இணைத்துவிட்டு, கரிக்கோலை எடுக்காமலேயே வலக்காலின் உச்சியிலிருந்து மேலே இருந்த புள்ளிக்கும் ஒரு கோடு இழுத்திருந்தாள். பக்கம் முழுவதும் கொம்பு முளைத்த மகரங்கள்! அவள்மேல் என்ன பிழை? "புள்ளிகளை இணை" என்பது கட்டளை, அவள் இணைத்தாள். இணைக்கவேண்டிய புள்ளி எது, இணைக்கக்கூடாத புள்ளி எது என்று சுவடி அவளுக்குக் கூறவில்லை. வீட்டில் கேட்டபோது, "கவனமில்லாத பிள்ளை" என்று அவளைக் கடிந்தனர். கற்கும் முதல் ஆண்டிலேயே மெய்யெழுத்தின் இலக்கணத்தைக் குழப்பிவிட்டுப் பின்னர் எட்டாம் வகுப்பில், "இப்பிள்ளைகளுக்குப் புள்ளி வைக்கத் தெரியவில்லையே" என்று ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வதில் என்ன பயன்? என் வகுப்புகளில் திருத்தும் தாள்களில் மிகுதியாகச் சிவப்பு மை கொள்ளும் பிழைகளுள் புள்ளி விடுதல் ஒன்று. அதற்கெல்லாம் சுவடி ஒன்றே கரணியம் என்று கூறமாட்டேன். ஆனால் வீதியெல்லாம் புள்ளி மங்கிய எழுத்தைக் கண்டு வளரும் பிள்ளை, புள்ளியை ஒரு பொருட்டாக எண்ணாது என்பது ஒருதலை.

அவ்வாறாயின் புள்ளி எழுத்தே வேண்டா என்று கூறுகின்றேனா? இல்லை. புள்ளியால் உருவம் காட்டுவது நம் மண்ணுக்குப் புதியதன்று. நம் பெண்டிர் வாயிலில் நாள்தோறும் இடும் புள்ளிக்கோலத்தைப் பாருங்கள். அங்கே புள்ளி வேறு, இழை வேறு. புள்ளி நிற்கும், இழை அதனைச் சுற்றி ஓடும். ஒன்று மற்றொன்றை விழுங்குவதில்லை. மயிலாடியில் கல்லில் எழுத்து வெட்டுவோரைப் பாருங்கள். கோட்டை உளியால் கீறுவர்; புள்ளியை உளிமுனையால் குழியாகக் குத்துவர். கீறல் வேறு, குழி வேறு. நம் பக்கத்துக் கோவில் கொடைகளிலும் கிறித்தவக் கோவில் திருவிழாக்களிலும் சட்டத்தில் சிறு விளக்குகளை அடுக்கி 'நல்வரவு' என்று எழுதி நிறுத்துவர். அதுவும் புள்ளி எழுத்தே. பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய சட்டமொன்றில் உடலெல்லாம் மஞ்சள் விளக்கும், லகர மெய்யின் தலையில் மட்டும் பெரிய சிவப்பு விளக்கும் இருந்ததைக் கண்டேன். ஏன் இவ்வாறு வைத்தீர் என்று விளக்குக்காரரைக் கேட்டேன். "இல்லன்னா புள்ளி தெரியாதுல்லா சார்" என்றார். நம் ஊர்ப் பேச்சில் அவர் கூறிய அவ்வொரு விடையில் எழுத்துரு வரையும் கலையின் அடிப்படை முழுவதும் அடங்கியுள்ளது. கணிப்பொறியின்முன் அமர்ந்திருக்கும் வரைவாளர்க்கு அவர் ஆசிரியராகும் தகுதி உடையவர்.

புள்ளிகளாலேயே ஆன எழுத்து முறை ஒன்று உலகில் உண்டு. கண்பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்க லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுக்காரர் 1829இல் நூலாக வெளியிட்ட முறை அது. ஒரு கட்டத்துக்கு ஆறே புள்ளி. அதனை இந்திய மொழிகளுக்கென்று 1951இல் வகுத்தமைத்தபோது, தமிழின் மெய்ப்புள்ளிக்கெனத் தனிக் குறி ஒன்றை ஒதுக்கினர். எல்லாமே புள்ளியாகிய இடத்திலும் மெய்ப்புள்ளி காணாமற் போகாதவாறு காத்தனர். தடவிப் படிப்போர்க்குக் கிடைத்த அத்தெளிவு, பார்த்துப் படிப்போர்க்குக் கிடைக்கலாகாதா?

ஆதலால் புள்ளி எழுத்துரு வரைவோர்க்கும் அதனைப் பயன்படுத்துவோர்க்கும் சில நெறிகளை முன்வைக்கின்றேன்.

முதலாவது, மெய்ப்புள்ளி உடற்புள்ளியினும் தெளிவாகப் பெரியதாயிருத்தல் வேண்டும். ஒன்றரை மடங்குக்குக் குறைதல் கூடாது. இரண்டாவது, மெய்ப்புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையே உள்ள வெளி, உடற்புள்ளிகளுக்கு இடையே உள்ள வெளியினும் இரு மடங்கேனும் இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் கண் அதனை உடலோடு சேர்க்காது. மூன்றாவது, அளவால் வேறுபடுத்த இயலாவிடின் உருவால் வேறுபடுத்துக: உடற்புள்ளி நிறைந்ததாயின் மெய்ப்புள்ளி உள்வெளி உடைய சிறு வளையமாகட்டும். கையெழுத்தில் புள்ளியைச் சுழியாக இடும் வழக்கம் நம்மிடம் உண்டாதலின் அது கண்ணுக்கு அயலாகாது. வண்ணம் உள்ள இடத்தில் வண்ணத்தாலும் வேறுபடுத்தலாம். ஆனால் கறுப்பு வெள்ளையில் படியெடுத்தால் வண்ணம் மறையும் ஆதலின் அதனை மட்டும் நம்புதல் கூடாது. நான்காவது, மெய்ப்புள்ளியைப் பூவாகவும் விண்மீனாகவும் நெஞ்சக் குறியாகவும் மாற்றுதலை ஒழிக்க. புள்ளி புள்ளியாயிருத்தலே அதற்கு அழகு. ஐந்தாவது, இவ்வெழுத்தைத் தலைப்புக்கும் பெயருக்கும் மட்டும் பயன்படுத்துக. பத்தி பத்தியாக அச்சிடற்க. ஆறாவது, பிள்ளைகளின் சுவடியில் உடலைப் புள்ளிக் கோடாகக் காட்டினும் மெய்ப்புள்ளியை மட்டும் கறுத்த முழுப் புள்ளியாக அச்சிடுக. "இதனை இணைக்காதே, இறுதியில் வை" என்று ஆசிரியர் வாயாலும் கூறுக.

எழுத்துருவை வரைந்து முடித்தவுடன் அதனை ஆய்ந்து பார்க்கவும் எளிய வழி ஒன்று உண்டு. வரைவாளர் மார்த்தாண்டம், அஃது, கண்ணன், மணமக்கள் என்னும் நான்கு சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டிப் பத்து அடி தள்ளி நின்று, அவற்றை முன்பின் அறியாத ஒரு பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்லட்டும். பிள்ளை தடுமாறாமல் படித்தால் எழுத்துரு தேறிற்று. தடுமாறினால் மீண்டும் வரைக. பெருஞ்செலவு பிடிக்கும் ஆய்வன்று இது.

"கலைஞனின் உரிமையில் இலக்கணக்காரன் தலையிடலாமா?" என்று கேட்பார்க்கு ஒரு விடை. பாவலனுக்கு யாப்பு தளையன்று. அதனுள் நின்றே அவன் பறக்கின்றான். எழுத்தை வளைக்கலாம், நீட்டலாம், பருக்கவைக்கலாம், புள்ளியால் கோக்கலாம். எழுத்தின் ஒலியை மாற்ற மட்டும் யார்க்கும் உரிமை இல்லை. புள்ளி மறைந்தால் ஒலி மாறுகின்றது. எழுத்துத் திருத்தம் என்பது பொறுப்போடு செய்யத் தக்கது. பெரியார் 1935இல் தம் ஏட்டில் எடுத்தாண்ட திருத்தங்களுள் 13 எழுத்துகளைத் தமிழக அரசு 1978இல் ஆணையிட்டு ஏற்றது. இடையே 43 ஆண்டுக் காலம் அறிஞர்கள் உசாவினர். உடன்பட்டும் மறுத்தும் எழுதினர். அவ்வாறு வெளிப்படையாக உசாவி ஏற்ற மாற்றம் ஒருபுறம். யாரும் கேளாமல், யாரும் அறியாமல், ஓர் எழுத்துருவின் அழகுக்காகப் புள்ளியைத் தேய்த்துவிடும் மாற்றம் மறுபுறம். முன்னது திருத்தம், பின்னது சிதைவு.

கணிப்பொறியின் பொது எழுத்துமுறையாகிய ஒருங்குறி, 1991இல் வெளிவந்த நாள் முதல், மெய்யெழுத்தைத் தனியெழுத்தாகக் கொள்ளாமல் உயிர்மெய்யும் அதன்மேல் ஒட்டும் ஒரு குறியுமாகவே வைத்துள்ளது. அக்குறி தன் எழுத்தைப் பிரிந்து நின்றால், திரையில் சிறு புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டத்தின்மேல் அதனைக் காட்டும். கைப்பேசியில் பலரும் கண்டிருப்பர். தன் மெய்யை இழந்து, புள்ளி வட்டத்தின்மேல் ஏதிலியாய் நிற்கும் அப்புள்ளியின் காட்சி எனக்கு ஒரு குறிப்பாகவே தோன்றுகின்றது. பொறி அதனை ஒட்டுக்குறி என்று எண்ணினும், எழுதும் நாம் அவ்வாறு எண்ணலாகாது.

கடைப்பலகைகளில் தமிழே முதலிடம் பெறவேண்டும் என்னும் நெறி நம் நாட்டில் உண்டு. அது நன்று. ஆயினும் தமிழ் எத்துணைப் பெரிதாக இருக்கவேண்டும் என்று அளப்போர், அத்தமிழ் படிக்கத்தக்கதாக உள்ளதா என்றும் அளத்தல் வேண்டும். ஆறடி உயரத்தில் 'தமிழ' என்று நிற்பதினும் ஓரடி உயரத்தில் 'தமிழ்' என்று நிற்பது மேல். வடவெழுத்து ஒன்று நம் பலகையில் ஏறினால் பொறுக்காத தமிழன்பர்கள், நம் எழுத்தின் புள்ளி ஒன்று பலகையினின்று இறங்கினாலும் அவ்வாறே பொறுக்காதிருத்தல் வேண்டும். அயலது புகுதல் ஒரு கேடெனின், உரியது நீங்குதலும் கேடே.

இதற்குப் பேரணி வேண்டா, முழக்கம் வேண்டா. இதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள பலகைகளை ஒருமுறை நின்று படியுங்கள். புள்ளி மறைந்த பலகை கண்டால் கடைக்காரரிடம் இன்சொல்லால் கூறுங்கள். பெரும்பாலோர் அதனை அறியாமலே செய்தவராயிருப்பர். உங்கள் வீட்டுத் திருமண அழைப்பையும் பதாகையையும் அச்சுக்குக் கொடுக்குமுன் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் பயிற்சிச் சுவடியைத் திறந்து, மெய்யெழுத்துப் பக்கத்தில் புள்ளி தனித்துத் தெரிகின்றதா என்று பாருங்கள். தெரியாவிடின் கறுப்பு மையால் நீங்களே ஒவ்வொன்றாகத் தடித்து வைத்துக் கொடுங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை அது.